கரும்புக்குத் தொட்டில் கட்டியவர்: ஸர் டி. எஸ். வெங்கடராமன் சரித்திரம்

கார்த்திகைத் திருவிழாக் காலத்தில் திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் மாட வீதிகளில் ஓர் அரிய காட்சியைக் கண்டிருப்பார்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, கைக்குழந்தையை அதில் கிடத்தி, தாயும் தந்தையுமாகத் தோளில் சுமந்து வலம் வருவார்கள். பிள்ளை வரம் வேண்டி, அது கைகூடியவர்கள் செலுத்தும் பிரார்த்தனை இது. வம்சம் தழைத்ததற்கு அடையாளமாக நமது முன்னோர் கரும்பைத் தேர்ந்தெடுத்தது இயல்பே. நட்ட ஒரு கரணையிலிருந்து பல தூர் வெடித்துக் கிளைக்கும் பயிர் அது.

ஆயினும் இதில் ஒரு விந்தை உண்டு. பிறருடைய குழந்தைக்குத் தொட்டிலாகும் கரும்புக்குத் தன் வித்தில் பிறந்த குழந்தை நெடுங்காலம் இல்லை. வெட்டிய கரணையை நட்டால் அதே கரும்புதான் மீண்டும் முளைக்கும். அது மகவு ஆகாது. தாயின் உடலிலேயே ஒரு துண்டு. கரும்பு பூப்பதைக் குடியானவர்கள் கண்டிருக்கிறார்கள். கண்டு வருந்தியும் இருக்கிறார்கள். பூத்த கரும்பு வளர்ச்சி நின்று, நாளடைவில் சக்கையாகிவிடுமல்லவா? அந்தப் பூவில் விதை உண்டென்றும், அவ்விதை முளைக்குமென்றும், முளைத்த ஒவ்வொரு நாற்றும் தாயைப் போலன்றித் தனித்தனிக் குணம் கொண்டிருக்குமென்றும் எவரும் கருதவில்லை. இவ்வுண்மையைக் கைக்கொண்டு, பாரத தேசத்தின் சர்க்கரைத் தொழிலையே புதிதாக உண்டாக்கிய தமிழர் ஒருவரது சரித்திரத்தை இன்று நினைவு கூர விரும்புகிறோம். அவர்தாம் கோயமுத்தூர் கரும்பு நிபுணர் ஸர் டி. எஸ். வெங்கடராமன்.

வெங்கடராமன் என்ற பெயர் அருணாசலத்துக்குப் புதிதன்று. 1896-ம் வருஷத்தில் வீட்டைத் துறந்து அம்மலையை நாடி வந்து, பின்னர் ரமண மகரிஷியென உலகம் போற்ற விளங்கிய சிறுவரின் பெயரும் அதுவே. ஒருவர் மலையடியில் அமர்ந்து தம்முள் நோக்கினார். மற்றவர் வயலில் நின்று ஒரு புல்லின் பூவினுள் நோக்கினார். முதல்வரைத் தேசம் மறக்கவில்லை. இரண்டாமவரைத் தமிழ் நாட்டிலேயே அறிந்தோர் சிலராக இருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

பூவும் பொடியும்

மலையைப் பிரதக்ஷிணம் செய்வோர் மேற்குப் பக்கமாக வரும்போது அடி அண்ணாமலை என்னும் சிற்றூரை அடைகிறார்கள். அங்குள்ள சிவாலயத்தின் லிங்கம் பிரம்மதேவரால் பிரதிஷ்டை செய்யப்பட்டதென்பது ஐதிகம். ஜோதிப் பிழம்பின் முடியைக் காணாத பிரமன், கண்டதாகப் பொய் சொல்ல, தாழம்பூ அதற்குச் சாட்சி கூறிச் சாபமேற்ற கதையை வாசகர்கள் அறிவர். தாழம்பூ மடலைப் பிரித்து உதறியவர்கள் கையில் மாவு போன்ற பொடி படிவதையும் அறிவார்கள். அதுவே மகரந்தம். தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மணம் வீசி மங்கையர் கூந்தலில் ஏறுவது ஆண் மரத்தின் பூ. கரும்பிலோ ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒரே பூவில் அடங்கியுள்ளன.

அப்பூவின் அமைப்பைச் சிறிது அறிந்தாலன்றி வெங்கடராமனின் பெருமை விளங்காது. கரும்பின் நுனியில் வெள்ளிச் சாமரம் போல் எழும் கதிரில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் மூன்று மகரந்தப் பைகளும், ஒரு சூலகமும், அதன் மேல் இறகு போன்ற இரு சூல்முடிகளும் உண்டு. மகரந்தப் பை இளமையாக இருக்கையில் அதனுள் தாய் அணுக்கள் பல தோன்றுகின்றன. ஒவ்வொரு தாய் அணுவும் இருமுறை பிரிந்து நான்கு மகரந்தத் துகள்களாகிறது. அப்படிப் பிரியும்போது, குலத்தின் குணங்களைச் சுமக்கும் குரோமோஸோம் என்னும் நுண்ணிய இழைகள் சரிபாதியாகக் குறைகின்றன. சூலகத்திலுள்ள முட்டை அணுவும் இவ்விதமே பாதியைக் கொள்கிறது. பாதியும் பாதியும் சேர்ந்து முழுமையாவதே கருத்தரித்தல். எந்தப் பாதி எதனோடு சேரும் என்பது ஒவ்வொரு துகளுக்கும் மாறுவதால், ஒரே கதிரின் விதைகளிலிருந்தும் ஒன்றைப்போல் ஒன்று இராத நாற்றுகள் பிறக்கின்றன.

துகள் நன்கு முதிர்ந்தால் அதனுள் மாவுச்சத்து நிரம்பியிருக்கும். அயோடின் கரைசலில் இட்டால் அது கருமையாகும். முதிராது மலடாய்ப் போன துகள் நிறமின்றி வெறுங் கூடாய்க் கிடக்கும். பைகள் வெடித்துக் காற்றில் கலந்த கரும்பு மகரந்தத்துக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் சக்தியிழந்துவிடும். விதையோ பஞ்சில் ஒட்டிய தூசு போன்றது. இத்தனை தடைகளும் இருந்தமையால்தான் கரும்பின் பூ நெடுங்காலம் எந்தச் சாட்சியும் சொல்லாமல் மௌனமாயிருந்தது. 1888-ம் வருஷத்தை ஒட்டி ஜாவாத் தீவில் டச்சுக்காரர்களும், பார்படோஸ் தீவில் ஆங்கிலேயரும் கரும்பு விதை முளைப்பதைத் திண்ணமாகக் கண்டு, புதிய கரும்புகளை உண்டாக்கத் தொடங்கினர்.

கரும்பு பிறந்த தேசத்துக்கு அந்நியச் சர்க்கரை

கரும்பைக் காய்ச்சிச் சர்க்கரை செய்யும் வித்தையை உலகுக்குக் கற்பித்தது பாரத தேசம். சர்க்கரை என்ற சொல்லே இங்கிருந்துதான் மேற்கே சென்றது. தமிழ் நாட்டிலோ, தகடூர் அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொணர்ந்தனர் என்ற செய்தியைப் புறநானூறு தாங்கி நிற்கிறது. அத்தகைய தேசம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்த வெள்ளைச் சர்க்கரையை வாங்கித் தின்னும் நிலைமைக்கு இறங்கியது. வட இந்தியாவில் பயிரான நாட்டுக் கரும்புகள் விரல் பருமனேயுள்ளவை. பனியையும் வறட்சியையும் தாங்கின. ஆனால் மகசூல் சொற்பம். தெற்கே விளைந்த பெருங்கரும்புகள் சாறு மிகுந்தவை. வடக்கின் குளிரில் அவை நிலைக்கவில்லை.

இந்திய உறுப்பினர்கள் இந்த அவமானத்தைச் சட்டசபையில் எடுத்துரைத்தனர். பண்டித மதன் மோகன் மாளவியா 1911-ம் வருஷத்தில் அந்நியச் சர்க்கரை மீது வரியை உயர்த்த வேண்டுமென்று வாதாடினார். வரி விஷயத்தில் சர்க்கார் அப்போது இணங்காவிடினும், கரும்பு ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது. 1912-ம் வருஷத்தில் கோயமுத்தூரில் கரும்பு இன விருத்தி நிலையம் ஏற்பட்டது. வட இந்தியக் குடியானவனுக்கு வேண்டிய கரும்பைத் தென் கோடியில் உண்டாக்குவானேன் என்று அக்காலத்தில் பலர் வியந்ததுண்டு. காரணம் வெளிப்படை. வடக்கின் குளிரில் கரும்பு வளமாகப் பூத்து விதைப்பதில்லை. கோயமுத்தூரின் தட்பவெப்பத்தில் அது நன்கு பூக்கிறது, மகரந்தமும் முதிர்கிறது. காட்டுக் கரும்பாகிய நாணலும் அவ்வட்டாரத்து நீர்நிலை ஓரங்களில் மலிந்து கிடந்தது.

பார்பரும் அவர் துணைவரும்

நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்பிரெட் பார்பர் என்ற ஆங்கிலேயர். மதராஸ் சர்க்காரின் தாவர சாஸ்திர நிபுணராக இருந்தவர். அவருக்குத் துணைவராக அமர்ந்தவரே வெங்கடராமன். 1884-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி பிறந்த அவருக்கு அப்போது வயது 28. அந்நிய ஆட்சியில் இந்தியருக்குத் துணைப் பதவியே உயர்ந்தபட்சம் என்றிருந்த காலம் அது. பார்பர் இந்திய நாட்டுக் கரும்புகளை நுணுகி ஆராய்ந்து வகைப்படுத்தினார். அவ்வுழைப்பை மதித்து, வட இந்திய மெல்லிய கரும்பினத்துக்குப் பின்னாளில் அவர் பெயரையே சூட்டினார்கள். நேர்மையான அறிஞரென்று அவரைப் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. உண்மை எந்த நிறத்தவன் வாயிலாக வந்தாலும் உண்மையே.

முதற்கண் அவர்கள் துணிந்த காரியம் விசித்திரமானது. தெற்கே பயிரான வெள்ளை என்னும் பெருங்கரும்பைத் தாயாகவும், கோயமுத்தூரில் காடாக வளர்ந்த நாணலைத் தந்தையாகவும் கொண்டு கலப்பு மணம் செய்வித்தனர். நாணலில் இனிப்பு இல்லை, சாறு இல்லை, கூரை வேய்வதற்கன்றி அதை எவரும் மதித்ததில்லை. ஆனால் அது நோய்க்கு எளிதில் இடம் கொடாது. வறட்சியிலும் வெள்ளத்திலும் சாகாது. அதன் வேர் ஆழச் செல்லும். பட்டினத்தார் கையிலேந்திய பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்ததாகச் சொல்வார்கள். இங்கே கையாண்ட உபாயம் பக்தியன்று, மகரந்தம். விளைந்த அற்புதம் ஏறக்குறைய அதுவே.

சில பெருங்கரும்புகளின் மகரந்தப் பைகள் வெடிப்பதில்லை, துகள்களும் மலடு. மற்றொருவர் குறையென்று தள்ளக்கூடியதை இவ்விருவரும் வசதியாகக் கொண்டனர். தன் மகரந்தத்தால் தானே கருத்தரிக்க இயலாத பூவே கலப்புக்கு ஏற்ற தாய். கண்ணுக்கெட்டாத சிறு பூவிலிருந்து ஆண் உறுப்பைக் கிள்ளியெறியும் வேலை அதனால் மிச்சமாயிற்று. அதிகாலையில் நாணற் கதிர்களைக் கொணர்ந்து, தாய்க் கதிரின் மேல் மகரந்தம் உதிரச் செய்தார்கள். விளைந்த பஞ்சை மண் தொட்டிகளில் தூவி நீர் தெளித்தபோது, புல் முளைத்தாற்போல் நாற்றுகள் எழுந்தன. அந்நாற்றுகளை வளர்த்து, அளந்து, சாறு பிழிந்து, சோதித்துக் கழித்து எஞ்சியதே கோ. 205 என்னும் கரும்பு. கோ என்பது கோயமுத்தூரின் சுருக்கம். 1918-ம் வருஷத்தில் அது பஞ்சாப் குடியானவர்கள் கைக்குச் சென்றது. அங்கு வழங்கிய காத்தா என்னும் நாட்டுக் கரும்பைக் காட்டிலும் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மகசூல் தந்தது.

இக்கலப்பில் இயற்கை ஓர் இரகசியத்தை வைத்திருந்தது. பெருங்கரும்பின் அணுவில் 80 குரோமோஸோம்கள்; கோயமுத்தூர் நாணலில் 64. பாதியும் பாதியும் சேர்ந்தால் பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். ஆனால் கோ. 205-இல் 112 உள்ளன. தந்தை தன் பாதியான 32-ஐத் தர, தாய் தன் 80-ஐயும் குறைக்காமல் கொடுத்துவிட்டாள். இந்த விதியை ஜாவாவில் டச்சு அறிஞர் பிரேமர் விளக்கினார். நாணலின் உறுதி கலந்தும் தாயின் இனிப்பு முற்றும் அழியாமல் நின்றதற்கு இந்தத் தாராளமே பெருங்காரணம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. மேனாட்டுத் தாவர அறிஞர்கள் பெருங்கரும்பை உயர்குலக் கரும்பு என்றே பெயரிட்டு அழைத்தனர். அந்த உயர்குலம் தன்னைத்தானே பேணிக்கொண்டு இருந்த காலமெல்லாம் நோய்க்கு இரையாயிற்று. கரையோரத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த புல்லோடு சம்பந்தம் செய்த பின்னரே அதற்கு ஆயுளும் வலிமையும் வந்தன. குலத்தின் தூய்மையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஒரு முறை கோயமுத்தூர் வயல்களுக்குப் போய் வருவது நலம்.

தலைமை ஏற்றபின்

1919-ம் வருஷத்தில் பார்பர் விலகியதும் வெங்கடராமன் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். இருபத்து மூன்று ஆண்டுகள் அதே இடத்தில், அதே பயிரோடு இருந்தார். பதவி உயர்வுக்காக இலாகா விட்டு இலாகா மாறும் உத்தியோகஸ்தர்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். அவருக்கோ ஒரு புல்லே வாழ்நாளுக்குப் போதுமானதாயிருந்தது.

கரும்பு மகரந்தம் எவ்வாறு முளைக்கிறது, அதைச் சிறிது காலமேனும் காப்பது எங்ஙனம் என்று அவர் ஆராய்ந்தார். ஒரு சாதி பூக்கும் வேளையில் மற்றொரு சாதி பூப்பதில்லை. ஒன்று பூக்குமிடத்தில் மற்றொன்று நிற்பதில்லை. பூத்த கரும்பின் கணுவில் மண்ணை வைத்துக் கட்டி வேர் விடச் செய்து, பின் அறுத்து, வேண்டிய தாய்க்கருகே கொண்டு போய் நிறுத்தும் பதிய முறை கோயமுத்தூரில் கையாளப்பட்டது. மேலே தெரியும் கரும்பை மட்டும் பாராமல், மண்ணுக்குள் செல்லும் வேரையும் அவர் அளந்தார். எந்த வேர் மேலோடுகிறது, எது ஆழ்கிறது என்பதைக் கொண்டே எந்த நாற்று எந்த ஜில்லாவுக்கு ஏற்றதென்று நிச்சயித்தார்.

இரு இனக் கலப்போடு அவர் நிற்கவில்லை. பெருங்கரும்பு, வட இந்திய மெல்லிய கரும்பு, நாணல் என்னும் மூன்று இனங்களின் குணங்களும் ஒன்று சேரும்படி கலப்புகளை அமைத்தார். அவ்வழியில் தோன்றிய கோ. 213, கோ. 281, கோ. 290 முதலானவை உலகப் புகழ் பெற்றன. பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் கோ. 213 பரவியபோது, விரல் பருமனுள்ள பழைய கரும்புகள் வயல்களை விட்டு மெல்ல மறைந்தன. 1933-ம் வருஷத்தில் வந்த கோ. 419 தக்ஷிணத்து வயல்களை நெடுங்காலம் ஆண்டது. தமிழ் நாட்டுக் குடியானவர்களுள் முதியோர் அதன் எண்ணை மட்டும் சொல்லியே அதை நினைவு கூர்வார்கள்.

தரமான கரும்பு வயலில் நின்றதனால்தான், 1932-ம் வருஷத்தில் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது தேசம் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. அதற்குச் சற்று முன்பு வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் டன் அந்நியச் சர்க்கரை இந்தியாவில் இறங்கிக் கொண்டிருந்தது. நவீன ஆலைகள் சுமார் முப்பதே. நாலைந்து வருஷங்களில் ஆலைகளின் தொகை நூற்று முப்பதைத் தாண்டியது. அந்நியச் சர்க்கரை அநேகமாக நின்றுபோயிற்று. சுங்கச் சட்டம் வேலி மட்டுமே. வேலிக்குள் விளைந்த பயிர் கோயமுத்தூரின் தொட்டிகளில் பிறந்தது.

கடல் கடந்தும் அக்கரும்புகள் சென்றன. அமெரிக்காவின் லூயிஸியானாவில் தேமல் நோயால் கரும்பு அழிந்து ஆலைகள் மூடும் தறுவாயிலிருந்தபோது, அத்தொழிலுக்குப் புத்துயிர் தந்தவற்றுள் கோ. 281-உம் கோ. 290-உம் அடங்கும். தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் தோட்டங்களிலும் கோயமுத்தூர்க் கரும்புகள் இடம்பெற்றன. 1860-ம் வருஷம் முதல் நம் தமிழ் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாக மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறி, வெட்டி வெட்டித் தேய்ந்த தோட்டங்கள் அவை. அன்று தமிழனின் உடலுழைப்பு அடிமைச் சரக்காக அங்கே போயிற்று. பின்னர்த் தமிழனின் அறிவு கரும்பின் உருவில் அங்கே போய்ச் சேர்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும் போது துக்கமும் பெருமிதமும் ஒருங்கே எழுகின்றன.

எல்லை கடந்த முயற்சிகள்

கரும்பு முற்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு வேண்டும். நிலமும் நீரும் குறைந்த ஏழைக் குடியானவனுக்கு அது நீண்ட காலம். சில மாதங்களில் விளையும் சோளத்தோடு கரும்பைக் கலந்தால் காலம் குறையுமா என்று வெங்கடராமன் முயன்றார். மூங்கிலோடும் கலப்பைச் சோதித்து, அச்செய்தியை 1930-களில் அறிவியல் உலகுக்கு அறிவித்தார். இவை பெரும் பயிராக வயலுக்கு வரவில்லை. ஆனாலும் ஒரு சாதியின் மகரந்தம் எவ்வளவு தூரத்து உறவோடு கருத்தரிக்க வல்லது என்ற கேள்விக்கு அவை புதிய கதவைத் திறந்தன.

அக்கதவினுள் நுழைந்து பேரறிவு பெற்றவர் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-ம் வருஷம் டாக்டர் பட்டம் பெற்று, 1930-களின் நடுவில் கோயமுத்தூர் நிலையத்தில் அணு ஆராய்ச்சி நிபுணராய் அமர்ந்தார். கரும்பைச் சோளம், மக்காச்சோளம், காட்டுப் புல்வகைகள் ஆகியவற்றோடு கலந்து, பிறந்த நாற்றுகளின் குரோமோஸோம்களை எண்ணிக் கலப்பின் உண்மையை அவர் நிறுவினார். ஆராய்ச்சிக் கூடம் ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட காலத்தில் அது எளிய காரியமன்று. பின்னர் இங்கிலாந்து சென்று, பயிர்த் தாவரங்களின் குரோமோஸோம்களைத் தொகுத்த பெரு நூலை டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ம் வருஷத்தில் வெளியிட்டார். 1984-ம் வருஷத்தில் காலமானார். கோயமுத்தூர் வயல்களின் புகழ் ஒருவருக்கே உரியதன்று. வெங்கடராமன் அமைத்த களத்தில் பலர் நின்று உழைத்தனர்.

பட்டமும் பணியும்

ஆங்கில சர்க்கார் அவருக்கு ராவ் பகதூர் பட்டமும், பின்னர் ஸர் பட்டமும் அளித்தது. பட்டங்களைத் துறப்பதே தேசபக்தி என்றிருந்த காலத்தில், அவற்றை ஏற்றவரை நாம் எவ்விதம் கருதுவது என்ற வினா எழுவது இயல்பே. அவர் சிறை செல்லவில்லை, மேடையேறவில்லை, சர்க்கார் சம்பளத்தில் வாழ்ந்தார். இவற்றை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் சுதேசியம் என்பது அந்நியப் பொருளை நெருப்பிலிடுவதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த இடத்தில் வைக்க நம்முடைய பொருள் ஒன்று வேண்டும். நூலுக்கு ராட்டை அமைந்தது போல், சர்க்கரைக்குக் கோயமுத்தூர்க் கரும்பு அமைந்தது. ஜாவாச் சர்க்கரையை வெளியேற்றிய போரில் வரி விதிக்கக் கோரியவர்களும் வீரர். வயலில் பூவுக்குக் காவலிருந்தவரும் வீரரே.

அவர் உள்ளம் எங்கிருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1937-ம் வருஷத்தில் ஹைதராபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்கு அவர் தலைமை வகித்தார். தேசத்து அறிஞர்கள் அனைவரும் கூடிய அச்சபையில் தமது தலைமை உரைக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம் கரும்பன்று. இந்திய கிராமமும் அதன் நேற்று, இன்று, நாளை என்பவையுமே. மகாத்மா கிராமத்தை நோக்கித் தேசத்தின் முகத்தைத் திருப்பிக் கொண்டிருந்த வருஷங்கள் அவை. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரும் தம் வழியில் அதே திசையை நோக்கினார்.

1942-ம் வருஷத்தில் அவர் ஓய்வு பெற்றார். சுதந்திர பாரதம் 1956-ம் வருஷத்தில் பத்மபூஷண் விருது அளித்து அவரைக் கௌரவித்தது. அந்நிய அரசும் சுதந்திர அரசும் ஒருங்கே மதித்த பணி அவருடையது. 1963-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி அவர் இவ்வுலகை நீத்தார்.

முடியாத வேலை

மகான்களின் சரித்திரத்தை எழுதுவோர், அவர்கள் தொட்டதெல்லாம் நிலைத்ததென்று சொல்லி முடிப்பது வழக்கம். உண்மை அவ்வாறில்லை. பீகாரையும் ஐக்கிய மாகாணத்தையும் வாழ்வித்த கோ. 213-ஐ 1930-களின் இறுதியில் செவ்வழுகல் நோய் பற்றிக்கொண்டது. வயல் வயலாகச் சிவந்து அழுகிற்று. ஒரே கரும்பின் துண்டுகளையே லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டால், ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கும். அண்மைக் காலத்திலும் இப்பாடம் மீண்டும் வந்தது. 2009-ம் வருஷத்தில் வெளியாகி உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதியைக் கைக்கொண்ட கோ. 0238, பத்தாண்டுக்குள் அதே செவ்வழுகலுக்கு இடம் கொடுத்தது. ஆகவே கலப்பு மணம் ஒரு முறை நடத்தி ஓயும் சடங்கன்று. ஒவ்வோர் ஆண்டும் கதிர் தோன்றும் பருவத்தில் அது நடந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு நாட்டுக் கரும்புகளும், ஆற்றோர நாணலும் அழியாமல் காக்கப்பட வேண்டும். ஏரிக்கரையில் நாணலை வெட்டி எரிப்பவன், வரப்போகும் கரும்பின் தந்தையை எரிப்பவனாகவும் இருக்கலாம்.

மற்றொரு குறையும் உண்டு. வெங்கடராமன் குடியானவனுக்குக் கொடுத்த செல்வம் முழுவதும் குடியானவன் வீட்டுக்குச் சென்றதா? ஆலைக்குக் கரும்பை இறக்கிவிட்டு, பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் விவசாயியை இத்தேசம் பல தலைமுறைகளாகக் கண்டிருக்கிறது. மகரந்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டுமென்று அறிவியல் அறிந்தது. கரும்பின் விலையை உரிய காலத்துக்குள் சேர்க்க வேண்டுமென்று வியாபாரம் அறிய மறுத்தது. அறிஞர் வேலையை அறிஞர் செய்து முடித்தார். மிச்சம் அரசியல் ஊழியர்களாகிய நம்முடையது.

கோ. 205, கோ. 213, கோ. 419 என்று எண்களாகவே அவர் பிள்ளைகள் உலகெங்கும் அறியப்பட்டார்கள். ஊரின் பெயர் அவற்றில் உண்டு. உண்டாக்கியவர் பெயர் இல்லை. அது அவருடைய அடக்கத்துக்குப் பொருந்தியதே. ஆனால் பயன் பெற்றவர்கள் நினைவு கூராமலிருப்பது அடக்கமாகாது, நன்றி மறத்தலாகும். கரும்பு விளையும் ஜில்லாக்களின் பாடசாலைகளிலேனும் அவர் பெயர் சொல்லப்பட வேண்டும். கரும்புப் பூவை மாணவர்கள் பூதக்கண்ணாடியின் கீழ்க் காண வேண்டும்.

அடுத்த கார்த்திகையில் அண்ணாமலையார் சந்நிதியில் கரும்புத் தொட்டில்கள் மீண்டும் வலம் வரும். தொட்டிலைத் தாங்கும் கரும்பு எந்த வயலில் விளைந்ததாயினும், அதன் வம்சத்தை ஆராய்ந்தால் கோயமுத்தூரின் மண் தொட்டியொன்றில் போய் நிற்கப் பெரிதும் இடமுண்டு. குழந்தையைக் கொடுத்த இறைவனை வணங்கும் போது, தொட்டிலைக் கொடுத்த மனிதரையும் ஒரு கணம் நினைப்பது தகும்.